சம்பந்தியோடு மீன்பிடிக்கப் போனது

என் மகளின் கல்யாணப் பேச்சு நடந்த நாட்களில் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் நான் தொடங்கவில்லை. தொடங்கியவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன்.

மகளும் அந்தப் பிள்ளையும் கொழும்பில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவர்கள். இரண்டு பேரும் முடிவெடுத்துவிட்டுத்தான் எங்களுக்குச் சொன்னார்கள். பெரியவர்களுக்கு மிச்சம் இருந்த வேலை ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதும் நாள் குறிப்பதும்தான். மாப்பிள்ளை வீட்டார் வவுனியா. என் மச்சானும் வவுனியாவில் கடை வைத்திருக்கிறவர் என்பதால், நடுவில் நின்று கதைக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். மச்சான் யாரைப் பற்றிச் சொன்னாலும் கொஞ்சம் மினுக்கித்தான் சொல்வார். நான் பின்னேரங்களில் கச்சான் கொறித்துக்கொண்டு கடற்கரையில் நடக்கிறவன். அதை அவர் மாப்பிள்ளையின் தகப்பனிடம், "அவருக்குக் கடலெண்டால் உயிர். மீன்பிடிக்கப் போனாரெண்டால் சாப்பாட்டையும் மறந்திடுவார்" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

இது எனக்குத் தெரியவந்தது மாப்பிள்ளையின் தகப்பன் முதன்முதலாகத் தொலைபேசியில் கதைத்தபோதுதான். அவரை இனிச் சம்பந்தி என்றே சொல்கிறேன், அன்றைக்கு அவர் இன்னும் சம்பந்தி ஆகியிருக்கவில்லை என்றாலும். பாடசாலை ஒன்றில் உப அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். சுகம் விசாரித்தாலே ஏதோ பரீட்சை முடிவு வாசிக்கிற மாதிரி இருக்கும்.

"உங்களுக்கு மீன்பிடியில நல்ல விருப்பமாம். கேள்விப்பட்டு எனக்குச் சரியான சந்தோசம்" என்றார்.

அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முதல் கதை. மனிதர் சந்தோசம் என்கிறார். மச்சான் வேறு பொய்க்காரன் ஆகிவிடுவார். இதெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் என் வாய், "ஓம், ஓம், இடைக்கிடை போறனான்" என்று சொல்லிவிட்டது.

"நல்லதாப் போச்சு. எனக்கும் அதெண்டால் பைத்தியம்தான். நாங்கள் அங்க வரேக்க ரெண்டு பேரும் ஒருக்காப் போவம்."

"கட்டாயம்" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், குசினி வாசலில் மனைவி அகப்பையோடு நிற்கிறாள்.

"நீங்கள் மீன்பிடிக்கிறனீங்களோ?" என்றாள். "தட்டில கிடக்கிற மீனின்ட முள்ளையே நான்தானே எடுத்துத் தாறனான்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலையில். எந்தத் தெருவில் நடந்தாலும் முடிவில் கடல்தான் நிற்கும். ஆனால் அதன்மேல் நான் போனது வாழ்க்கையில் ஒரே தடவை. தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூதூருக்கு லோஞ்சில் போனேன். பாதி வழியிலேயே காலைச் சாப்பாடு முழுவதையும் கொட்டியாரக் குடாவுக்குக் கொடுத்துவிட்டு, மீதி வழியைக் கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு மூதூருக்கு இடமாற்றம் வந்தபோதெல்லாம் ஆளைப் பிடித்துத் தப்பிக்கொண்டேன். முப்பது வருடச் சேவையில் நான் மிகவும் கஷ்டப்பட்டுச் செய்த வேலை அதுதான்.

"உண்மையைச் சொல்லிப்போடுங்கோ" என்றாள் மனைவி.

"பிறகு சொல்லுவம்" என்றேன். பிறகு பிறகென்று இரண்டு மாதம் ஓடி, ஐப்பசி முடிகிற நேரம் அவர்கள் வருவதற்கு நாளும் வைத்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் கிண்ணியாவில் இருக்கிற பழைய சிநேகிதர் ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒரு நம்பர் தந்தார். உல்லாசப் பயணிகளைப் போட்டில் ஏற்றிக்கொண்டு போய், கரைக்குக் கிட்டவே தூண்டில் போடப் பழக்கி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற ஆள். நாற்பது வயது இருக்கும். சின்ன வயதிலிருந்தே கடல் தொழில், நடுவில் சில வருடம் வளைகுடாவில் வேலை, திரும்பி வந்து இப்போது சொந்தமாக ஒரு ஃபைபர் போட்.

அவரிடம் நான் ஒன்றையும் மறைக்கவில்லை. "தம்பி, எனக்கு இதில ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் என்னோட வாறவருக்கு நான் தெரிஞ்ச ஆள் மாதிரித் தெரியவேணும்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். "அதுக்கென்ன சேர். நீங்க கம்பப் புடிச்சிட்டு நில்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறன். ஒருத்தருக்கும் செல்ல மாட்டன்" என்றார். அவர்கள் பேச்சில் சொல்வது செல்வதாகிவிடும்.

அதன் பிறகு இரண்டு கிழமை மொட்டைமாடியில் எனக்குப் பயிற்சி. கையில் வீடு கூட்டும் தும்புத்தடியின் பிடி, எதிரே தண்ணீர்த் தாங்கியில் சாய்த்து வைத்த கைத்தொலைபேசி, அதில் ஒரு யூடியூப்காரர். தமிழ்நாட்டுக்காரர். மூச்சுக்கு மூச்சு, "பலம் தோளில் இல்லை நண்பர்களே, மணிக்கட்டில்" என்பார். நானும் மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றிக் கடைசியில் கைக்குப் பிண்ட தைலம் பூசவேண்டி வந்தது.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் தாழமுக்கம் என்று வானொலியில் சொன்னார்கள். கடலுக்குப் போகவேண்டாம் என்று மீனவர்களுக்கு எச்சரிக்கையும் வந்தது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. அன்றிரவு முழுக்க நல்ல மழை. நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். அடுத்த நாள் சம்பந்தியும் அவர் மனைவியும் மாப்பிள்ளையும் வந்து இறங்கியபோதும் தூறிக்கொண்டுதான் இருந்தது. "காலநிலை இப்பிடியாப் போச்சே" என்று நான் முகத்தைத் தொங்கப்போட்டேன். "ஓம், பெரிய ஏமாற்றம்தான்" என்று அவரும் தொங்கப்போட்டார்.

பின்னேரம் போட்டுக்காரரிடமிருந்து அழைப்பு. "சேர், எச்சரிக்கைய எடுத்துட்டாங்க. வெளிய போக ஏலா. ஆனா குடாவுக்குள்ள, கரையோட கரையா விடியக்காத்தால ரெண்டு மணித்தியாலம் பாக்கலாம். இன்னம் கொஞ்சம் காத்து இரிக்கி. வாறதா வேணாமாண்டு நீங்கதான் செல்லணும்."

சம்பந்தி பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "என்ன செய்வம்?" என்று அவரைக் கேட்டேன். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"உங்கட விருப்பம்" என்றார்.

"இல்லையில்லை, உங்கட விருப்பம்தான். நீங்கள்தானே விருந்தாளி."

"எனக்கு ஒரு பிரச்சினையுமில்லை" என்றார்.

"எனக்கும் பிரச்சினையில்லை" என்றேன். உள்ளே இரண்டு பெண்களும் கதைத்துக்கொண்டிருந்த சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

விடியற்காலை ஓட்டோவில் புறப்பட்டோம். சம்பந்தி பன்னிரண்டு பொக்கற் வைத்த ஒரு சட்டையும் அகலமான தொப்பியும் போட்டிருந்தார். சட்டைக் கழுத்தின் பின்பக்கத்தில் விலைச்சீட்டுக் கொளுவியிருந்த பிளாஸ்டிக் நூல் அறுபடாமல் தொங்கியது. பழைய சட்டை போட்டுப் போட்டுக் கிழிந்திருக்கும், பாவம், புதிதாக வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். சீனக்குடா தாண்டி, வெள்ளைமணல் தாண்டிக் கிண்ணியாப் பாலம் வரும்வரை இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. பாலத்தின்மேல் ஏறியதும் கொட்டியாரக் குடா தெரிந்தது. சாம்பல் நிறம். தூரத்தில் வெள்ளை வெள்ளையாக எதுவோ மினுங்கிக்கொண்டிருந்தது. அது என்ன என்று நான் கேட்கவில்லை. தெரிந்த ஆள் கேட்கக்கூடாதே.

கரையில் போட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், "வாங்க சேர், எத்தின நாளாச்சி" என்றார், காலம் காலமாக என்னைத் தெரிந்தவர்போல. அந்த இடத்திலேயே அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. தேநீர்ப் போத்தலை ஓட்டோவில் மறந்துவிட்டது அப்போதுதான் நினைவு வந்தது. எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, சம்பந்தி போட்டுக்காரரின் காதோடு காதாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். போட்டுக்காரர் வானத்தைப் பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். காற்று, நீரோட்டம் என்று பெரிய விசயங்களை அலசுகிறார்கள், இன்றைக்கு நான் தொலைந்தேன் என்று நினைத்தேன்.

செம்மஞ்சள் நிறப் பாதுகாப்புச் சட்டைகளை மாட்டிவிட்டு, போன்களை வாங்கிப் பொலித்தீன் பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார் போட்டுக்காரர். எஞ்சினைத் தொடக்கிப் பாலத்திலிருந்து கொஞ்சத் தூரம் கரையோரமாகப் போய்ப் பாறைகள் இருந்த ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"பெரிய சேருக்கும் நான் செல்லத் தேவயில்ல, சின்ன சேருக்கும் செல்லத் தேவயில்ல" என்று தொடங்கினார். "வெள்ளக்காரனுக்குச் செல்லிச் செல்லிப் பழகிட்டு. செல்லாட்டி எனக்கு வேல ஓடாது. அதால சும்மா காத்துக்குச் செல்றன், நீங்க கேக்க வேணாம்."

பிறகு காற்றுக்குச் சொன்னார். கம்பை எந்தக் கையில் பிடிப்பது, சக்கரத்தின் வளையத்தை எப்போது திறப்பது, தூண்டில் நூலான தங்கூசியை எந்த விரலில் தாங்குவது, பிளாஸ்டிக் மீனை எப்படி வீசுவது, வீசியபின் எப்படி இழுத்து இழுத்து விடுவது, எல்லாவற்றையும் சொன்னார். நான் கேட்காததுபோல் கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டேன். சம்பந்தியும் கேட்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வீச்சு என்னுடையது. பிளாஸ்டிக் மீன் நேராக மேலே போய், நேராகக் கீழே வந்து, போட்டுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

"கிட்டத்தான் நிக்குது போல" என்றார் சம்பந்தி, மரியாதையாக.

"ஓம், இந்த நேரத்தில கிட்டத்தான் நிக்கும்" என்றேன்.

அடுத்தது அவர். கம்பைத் தூக்கி என் பக்கம் திரும்பி, "எல்லாரும் தோளாலதான் எறியப் பாக்கிறவை. பலம் தோளில இல்லை, மணிக்கட்டில" என்றார். அந்த யூடியூப்காரர் சொன்னது அப்படியே உண்மை, இவர் அதை அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அவர் வீசினார். அது என் தங்கூசியின் மேல் குறுக்கே விழுந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுற்றியதில் இரண்டு பிளாஸ்டிக் மீனும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தன.

"காத்து மாறிட்டுது" என்றார்.

"ஓம், சட்டெண்டு மாறுது" என்றேன்.

போட்டுக்காரர் குனிந்து சிக்கெடுத்தார். நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

அதற்குள் போட் ஆடத் தொடங்கியிருந்தது. பெரிய ஆட்டமில்லை. மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், பிறகு பக்கவாட்டில் ஒரு சாய்வு. மூதூர் லோஞ்சில் எனக்குத் தெரிந்த அதே ஆட்டம். வாய்க்குள் உமிழ்நீர் ஊறியது. கரையில் நின்ற ஒரு தென்னையை வெறித்துப் பார்த்தேன். தென்னையும் மேலே போய்க் கீழே வந்தது. இனித் தாங்காது என்று நான் இடப்பக்கம் குனிந்தேன். குனிந்த அதே நேரம் எனக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கும் நிலைமையில் நான் இல்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தால், சம்பந்தி வலப்பக்க விளிம்பில் கிடக்கிறார்.

"ரெண்டு பக்கமும் சமமா இரிக்கி. போட் சாயாது, பயப்பிடாதீங்க" என்றார் போட்டுக்காரர்.

"காலமை சாப்பிடத் தந்த அந்தப் பாண்" என்று முனகினார் சம்பந்தி. "பாண் சரியில்லை" என்று நானும் ஒப்புக்கொண்டேன். பாவம் அந்தப் பாண்.

போட்டுக்காரர் ஆளுக்கொரு இஞ்சித் துண்டு தந்தார். அதை வாயில் அடக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் முகம் மாறியது. கிழக்கே, குடாவின் வாய்ப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் இருந்த கோடு காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு திரை, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"கம்பக் கீழ போடுங்க. ரெண்டு பேரும் தட்டில இரிங்க. பலகயில இல்ல, கீழ தட்டில" என்றார். குரலில் பகிடி ஒன்றும் இல்லை. நங்கூரத்தை இழுத்துப் போட்டு, எஞ்சினைத் தொடக்கி, போட்டைப் பாலத்தின் பக்கம் திருப்பினார்.

பாதித் தூரம் போவதற்குள் காற்று எங்களைப் பிடித்துக்கொண்டது. மழை குத்தியது. ஒவ்வொரு துளியும் மணல் எறிந்தமாதிரி முகத்தில் பட்டது. கரை மறைந்தது, பாலம் மறைந்தது. பின்னாலிருந்து அலை வந்து போட்டைத் தூக்கி முன்னே தள்ளும். எஞ்சின் ஒரு தடவை வெறுங்காற்றில் அலறும். பிறகு தொப்பென்று விழுவோம். போட்டுக்காரர் முன்னால் பார்க்கவேயில்லை. எஞ்சின் பிடியைப் பிடித்தபடி தோளுக்கு மேலால் பின்னால் வரும் அலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அலை விளிம்புக்கு மேலால் ஏறி எங்கள் மடியில் வந்து இருந்தது.

"வாளி! தண்ணிய அள்ளுங்க!"

வாளி என்றது வெட்டிய எண்ணெய்க் கான். அது என் கையில் அகப்பட்டது. அள்ளி ஊற்றினேன், அள்ளி ஊற்றினேன். பக்கத்தில் சம்பந்தி தன் புதுத் தொப்பியைக் கழற்றி அதால் அள்ளிக்கொண்டிருந்தார். உதடு "முருகா, முருகா" என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அள்ளுக்கு ஒரு முருகா. எனக்கும் பயம்தான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அந்தப் பதினைந்து நிமிடமும் குமட்டலோ சத்தியோ வரவில்லை. நேரம் கிடைக்கவில்லை.

"எனக்கு நீந்தத் தெரியாது" என்றார் சம்பந்தி, அள்ளுவதை நிறுத்தாமலே.

"எனக்கும் தெரியாது" என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு இடக்கையை நீட்டி என் பாதுகாப்புச் சட்டையின் பட்டியைப் பிடித்துக்கொண்டார். நானும் அவருடையதைப் பிடித்தேன். ஒரு கையால் அள்ளுவது கஷ்டம்தான். ஆனால் இருவரும் விடவில்லை.

சட்டென்று மழை நின்றது. உண்மையில் நிற்கவில்லை, நாங்கள் பாலத்துக்குக் கீழே வந்திருந்தோம். இரண்டு பக்கமும் மழை தடுப்புச் சீலை மாதிரித் தொங்கியது. நடுவில் நாங்கள் நனையாமல் இருந்தோம், இனி நனைய எங்களிடம் இடமில்லை என்றாலும். போட்டுக்காரர் தூண் ஒன்றின் மறைவில் கயிற்றைப் போட்டுக் கட்டிவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று பெருமூச்சு விட்டு இருந்தார். தலைக்கு மேலே பஸ் ஒன்று பாலத்தைக் கடந்துபோகும் அதிர்வு கேட்டது. உள்ளே இருப்பவர்கள் வேலைக்குப் போகிறார்கள், நாங்கள் அவர்களுக்குக் கீழே உயிரோடு இருக்கிறோம் என்று நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை.

சம்பந்தி சிரிக்கவில்லை. ஊறிய தொப்பியை மடியில் வைத்துப் பிழிந்துகொண்டு, தலையைக் குனிந்தபடி, "உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும்" என்றார்.

"சொல்லுங்கோ."

"எனக்கு மீன்பிடிக்கத் தெரியாது. வாழ்க்கையில தூண்டில் தொட்டதில்லை. வவுனியாக் குளத்தில ஒரு நாள் கால் நனைச்சிருப்பன், அவ்வளவுதான். உங்கட மச்சான் வந்து, உங்களுக்கு மீன்பிடிதான் உயிரெண்டு சொன்னவர். சம்பந்தம் செய்யப்போற மனிசர், அவருக்குப் பிடிச்ச ஒண்டில நானும் சேர்ந்துகொண்டால் நல்லமெண்டு நினைச்சன். அப்பிடியே வாயில வந்திட்டுது. யூடியூப் பாத்துத்தான் கொஞ்சம் படிச்சனான்."

"பலம் தோளில் இல்லை நண்பர்களே" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். உப அதிபரின் கண்ணில் சந்தேகம் முதலில் வந்தது, பிறகு புரிதல் வந்தது. "நீங்களுமோ?"

"நானும்தான். தும்புத்தடியோட ரெண்டு கிழமை."

அதன்பின் அவரும் சிரித்தார். அப்படிச் சிரிக்கக்கூடிய மனிதர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. போட்டின் விளிம்பில் கையால் அடித்து அடித்துச் சிரித்தார்.

நான் போட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "இவர் காலமை உங்கட காதில சொன்னது?"

"அதேதான் சேர்" என்றார் அவர். "நீங்க போன்ல சென்ன அதே கத, சொல்லுக்குச் சொல் மாறல்ல. எனக்கு ஒண்டும் தெரியா, அவருக்குக் காட்டிக் குடுக்க வேணாம், எண்டு."

"பிறகேன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் செல்ற? ரெண்டு பேரும் என்ன நம்பித் தந்த அமானிதம். ஒருத்தர்ட கதய மத்தவருக்குச் செல்ல ஏலுமா?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா சேர், அந்தக் காத்து மாறிட்டுதெண்டு சென்ன நேரம், நான் கடல்ல குதிக்கத்தான் இருந்த."

மழை இன்னும் அரை மணித்தியாலம் அடித்தது. தேநீர்ப் போத்தல் உடையாமல் இருந்தது. ஒரே மூடியில் மூன்று பேரும் மாறி மாறிக் குடித்தோம். சீனி கூடிய வெறுந்தேநீர் அவ்வளவு ருசியாக எனக்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. குடித்து முடிந்ததும் போட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடுத்தார். அதில் தங்கூசி சுற்றியிருந்தது. கொளுக்கியில் இறால் ஒன்றைக் குத்தி, "இப்ப ஒருத்தருக்கும் காட்ட ஒண்டுமில்லதானே. சும்மா பிடிங்க. தூணடியில செம்பல்லி மீன் நிக்கும்" என்று சம்பந்தியின் கையில் கொடுத்தார்.

கம்பில்லை, சக்கரமில்லை, மணிக்கட்டு வித்தையுமில்லை. அவர் நூலைக் கீழே விட்டுவிட்டு, தன் பாடசாலையில் கூரை ஒழுகின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதையின் நடுவில் அவர் கை முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் போய்விட்டது.

"ஐயோ, பிடிச்சு இழுக்குது! ஆரோ இழுக்குது!"

"விடாதீங்க! தூணச் சுத்தினா அறுத்துப்போடும்! இழுங்க, இழுங்க!"

தங்கூசி அவர் விரலை வெட்டியது. நான் பாய்ந்து அவர் கைக்குப் பின்னால் பிடித்தேன். கீழே இருந்தது எங்கள் இரண்டு பேரைவிடவும் நல்ல திடகாத்திரமாக இருந்தது. "கொஞ்சம் விடுங்க, இப்ப இழுங்க, இப்ப விடுங்க" என்று போட்டுக்காரர் கத்த, நாங்கள் விடும்போது இழுத்து, இழுக்கும்போது விட்டு, எப்படியோ அது மேலே வந்தது. செம்பு நிறம். முழங்கை நீளம். போட்டுக்காரர் செவுளில் பிடித்து உள்ளே எறிந்ததும், அது தட்டில் துள்ளித் துள்ளி அடித்தது. கடலையே கரைத்துக் குடித்த நாங்கள் இரண்டு பேரும் பலகையில் ஏறிக் காலைத் தூக்கிக்கொண்டோம்.

"நான் பிடிச்சது" என்றார் சம்பந்தி, நம்ப முடியாமல். பிறகு என்னைப் பார்த்து, "நாங்கள் பிடிச்சது" என்று திருத்தினார்.

மழை விட்டதும் கரைக்கு வந்தோம். பெட்டியைத் திறந்து போனை எடுத்தால், என் மனைவியிடமிருந்து பதினேழு அழைப்பு. அவருடைய போனில் பத்தொன்பது. திருப்பி எடுத்துக் கதைக்க இருவருக்கும் துணிச்சல் இல்லை. "இந்தா வாறம், சுகமா இருக்கிறம்" என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினோம். போட்டுக்காரர் மீனைச் சாக்கில் சுற்றித் தந்து, "வீட்டில கேட்டா, ரெண்டு சேரும் நல்லாப் புடிச்சாங்கெண்டே செல்றன். அது பொய்யில்லதானே" என்றார்.

வீட்டு விறாந்தையில் இரண்டு பெண்களும் நின்றார்கள். என் மனைவி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அழுத கண். முதலில் துவாயை என் தலையில் போட்டு உரமாகத் துடைத்தாள், தேவைக்கு அதிகமாகவே உரமாக. பிறகுதான் வாய் திறந்தாள்.

"மீன்பிடிகாரர் வந்திட்டினம்" என்றாள் சம்பந்தியின் மனைவியைப் பார்த்து.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நாங்கள் கரையில் ஓட்டோவால் இறங்குவதற்கு முன்னரே இவர்கள் இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. முதல் நாள் இரவு பாத்திரம் கழுவும்போது அவர், "இவருக்கு முற்றத்து வாளித் தண்ணியைக் கண்டாலே பயம்" என்று சொல்ல, என் மனைவி முள்ளுக் கதையைச் சொல்ல, இருவரும் குசினிக்குள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். போகட்டும், போய் இரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று பேசாமல் விட்டிருக்கிறார்கள். மழை அடிக்கத் தொடங்கியபின் சிரிப்பெல்லாம் போய், சாமியறையில் விளக்கேற்றிவிட்டுப் போனும் கையுமாக இருந்திருக்கிறார்கள்.

"இனி இப்பிடி ஒரு விளையாட்டு விளையாடினால் பாருங்கோ" என்றாள் என் மனைவி. யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. தனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள் போலிருந்தது.

மாப்பிள்ளைப் பிள்ளைதான் மீனை வாங்கிக் கொண்டுபோய் வெட்டினார். அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. கொழும்பில் தனியாகச் சமைத்துப் பழகினாராம். தேங்காய்ப்பால் விட்டு, கொறுக்காய்ப் புளி போட்டு மனைவி குழம்பு வைத்தாள். கொழும்பிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். நடந்ததைக் கேட்டதும், "அப்பா, நீங்களோ?" என்று மூன்று தரம் கேட்டாள். சம்பந்தி கட்டுப் போட்ட விரலைத் திரைக்குக் கிட்டக் காட்டி, "நானும் அப்பாவும்" என்றார். அவர் என்னை அப்பாவென்று சொன்னது மகளின் அப்பா என்ற கணக்கில்தான். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

சாப்பிட்டபின் நாங்கள் இரண்டு பேரும் விறாந்தைச் சாய்கதிரைகளில் கிடந்தோம். வெளியே மறுபடி தூறல். "இன்னும் ஏதும் இருந்தால் இப்பவே சொல்லிப்போடுவம்" என்றார் அவர். நான் யோசித்து, எனக்கு சாஸ்திரிய சங்கீதம் விளங்காது என்றேன். அவர் தனக்கு அது விளங்கும், ஆனால் பிடிக்காது என்றார். தனக்குச் சர்க்கரைப் பொங்கல் ஒத்துவராது, நேற்று மரியாதைக்காக இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டதாகவும் சொன்னார். உள்ளேயிருந்து, "எனக்குக் கேட்டது" என்ற என் மனைவியின் குரல் வந்தது.

அதற்குப் பிறகு என்ன கதைத்தோம் என்று நினைவில்லை. இரண்டு பேரும் அப்படியே நித்திரையாகிவிட்டோம். கண் விழித்தபோது பின்னேரமாகியிருந்தது. முன்னால் பஞ்சாங்கக் கலண்டரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்களும் நின்றார்கள். கோயிலுக்குப் போன் பண்ணி, ஐயரிடம் கேட்டு, மண்டபத்துக்கும் சொல்லி, எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தார்கள். தை மாதம், இரண்டாவது கிழமை, வெள்ளிக்கிழமை.

"சரியோ?" என்று கேட்டார் சம்பந்தியின் மனைவி.

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். உங்கட விருப்பம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"சரி" என்றோம்.